வெட்டின் குலமும் அதன் இரு கிளைகளும்
ஒரு பாகப்பிரிவினை ஐரோப்பிய வரலாற்றை மாற்றிய கதை

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், எல்பா ஆற்றங்கரையில் அமைந்த டிரெஸ்டன் நகரின் பழைய அரண்மனையை ஒட்டி நீண்ட மதிலொன்று நிற்கிறது. 102 மீட்டர் நீளமுள்ள அம்மதிலில், குதிரைமீது அமர்ந்த கோமான்கள் ஒருவர் பின் ஒருவராய் ஊர்வலம் செல்லும் காட்சி தீட்டப்பெற்றுள்ளது. 1876-இல் முற்றுப்பெற்ற அவ்வோவியம் வெயிலாலும் மழையாலும் மங்கத் தொடங்கவே, 1904-க்கும் 1907-க்கும் இடையில் அதே காட்சியைச் சற்றேறக்குறைய 23,000 பீங்கான் ஓடுகளில் எழுதிப் பதித்தனர். 1945 பிப்ரவரியில் குண்டு மழைக்கு இலக்காகி நகரமே எரிந்து சாம்பலான போதும், நெருப்பில் சுடப்பெற்ற அந்தப் பீங்கான் ஓடுகள் பெரும்பாலும் சேதமின்றித் தப்பின.

அம்மதிலில் ஊர்வலம் செல்வோர் வெட்டின் என்னும் குலத்தைச் சேர்ந்த முப்பத்தைந்து ஆட்சியாளர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொன்ராடில் தொடங்கி, 1904-இல் காலமான கியார்க் மன்னர் வரை அவ்வரிசை நீள்கிறது. ஒரே குலம், ஒரே நிலத்தில், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆட்சி நடத்தியது என்பது ஐரோப்பிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சியேயாம். ஆயினும் அம்மதில் முழுக் கதையையும் கூறவில்லை. ஊர்வலத்தின் நடுவே குலம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை மதிலில் தொடர்ந்து செல்ல, மற்றொரு கிளை மதிலை விட்டு விலகிப் பற்பல சிற்றரசுகளாய்ச் சிதறியது. சிதறிய அக்கிளையின் வழித்தோன்றல்களே பிற்காலத்தில் பெல்ஜியம், போர்த்துகல், பல்கேரியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் அரியணைகளில் அமர்ந்தனர். நிலத்தைக் காத்தவர் யார், இழந்தவர் யார், இழந்தவர் பெற்றது யாது என்பவற்றை ஆராயுங்கால், ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை ஒரு கண்டத்தின் வரலாற்றையே திருப்பிவிட்ட விந்தை புலனாகும்.

ஊரும் பேரும்

ஹாலே நகருக்கு வடக்கே, சாலே ஆற்றின் கரையிலுள்ள ஒரு குன்றின்மேல் அமைந்தது வெட்டின் என்னும் கோட்டை. குலத்தின் பெயர் அக்கோட்டையிலிருந்து வந்தது. இக்குலத்தாரில் ஐயமின்றி அறியப்படும் மூதாதை, 982-இல் இறந்த டீட்ரிக் என்பவர். அந்நாளில் சாலே ஆற்றுக்குக் கிழக்கே ஸ்லாவிய மக்கள் வாழ்ந்தனர். அவ்வெல்லைப் புறத்தைக் காக்கவும் அடக்கவும் பேரரசர்கள் அமர்த்திய தலைவர்களுக்கு ‘மார்க்கிரேவ்’ என்று பெயர். ‘எல்லைக் காவற் கோமகன்’ என்பது அதன் பொருள். கொன்ராட் 1123-இல் மைசென் எல்லைப்புறத்தின் கோமகனானார். அன்றுமுதல் குலத்தின் வரலாறு தெளிவாகத் தொடங்குகிறது.

கொன்ராட் தம் முதுமையில், 1156-இல், ஹாலேக்கு அருகிலுள்ள பீட்டர்ஸ்பெர்க் மடத்தில் துறவியாய்ச் சேர்ந்தார்; மறு ஆண்டே இறந்தார். மடம் புகுமுன் தம் நிலங்களை ஐந்து மைந்தர்க்கும் பகிர்ந்தளித்தார். பிற்காலத்தில் குலத்தை ஆட்டிப் படைத்த வழக்கத்தின் முதல் தோற்றம் இதுவே. மூத்த மைந்தர் ஓட்டோவுக்கு மைசென் கிடைத்தது. 1168-இல் அவருடைய நாட்டில், இன்று பிரைபெர்க் எனப்படும் இடத்தில், வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. விரும்பியவர் எவரும் வந்து தோண்டலாம், கோமகனுக்குரிய பங்கைச் செலுத்தினால் போதும் என்னும் உரிமை வழங்கப்பட்டமையால், ‘கட்டற்ற மலை’ என்னும் பொருளில் அவ்வூர் பிரைபெர்க் எனப் பெயர் பெற்றது. ஓட்டோவுக்குச் ‘செல்வர்’ என்னும் அடைமொழி வழங்குவது அவ்வெள்ளியால்தான். பிற்காலத்து அரண்மனைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் படைகளுக்கும் அம்மலைகளின் வெள்ளியே பெரிதும் கைகொடுத்தது.

இதற்கிடையே குலத்திற்குப் பெயர் தந்த கோட்டை கைநழுவிப் போனது. வெட்டின் கோட்டையைப் பெற்ற கிளையினர் 1288-இல் அதனை மாக்டபர்க் பேராயருக்கு விற்றுவிட்டனர். ஊரை இழந்த பின்னும் பேர் மட்டும் குலத்தோடு ஒட்டிக்கொண்டது.

‘சாக்சனி’ என்னும் பெயரின் கதை இதற்கு நேர் மாறானது. பழைய சாக்சனி, வடகடலை அடுத்த வடமேற்குப் பகுதி. அங்கு ஆண்ட சிங்கம் ஹென்றியின் பெருநிலம் 1180-இல் உடைக்கப்பட்டபோது, ‘சாக்சனிக் கோமகன்’ என்னும் பட்டம் கிழக்கே அஸ்கானியர் என்னும் வேறொரு குலத்தாரிடம் சென்றது. அவர்கள் விட்டன்பர்க் நகரிலிருந்து ஆண்டனர். 1422-இல் அக்கிளை மகப்பேறின்றி அற்றுப் போகவே, சிகிஸ்மண்டு பேரரசர் 1423-இல் அப்பட்டத்தையும் விட்டன்பர்க் நாட்டையும் வெட்டின் குலத்துப் போர்வல்ல பிரெடரிக்குக்கு அளித்தார். அதன் பின்னர் மைசென் நாடும் சாக்சனி என்றே வழங்கலாயிற்று. இவ்வாறு ஒரு பெயர் ஆட்களோடு சேர்ந்து எல்பா ஆற்றின் வழியே மேல்நோக்கிப் பயணம் செய்தது. இன்றைய ஜெர்மனியில் கீழைச் சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், சாக்சனி என மூன்று மாநிலங்கள் இருப்பதன் காரணம் இதுவே.

அப்பட்டத்தோடு வந்த உரிமை, பட்டத்தினும் பெரிது. ஜெர்மானியப் பேரரசர் பிறப்பால் அரசராவதில்லை. ஏழு பெருமக்கள் கூடித் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது 1356-ஆம் ஆண்டின் ‘பொன் முத்திரை ஆணை’. பேராயர் மூவரும் கோமான் நால்வரும் அவ்வெழுவர் ஆவர். அவர்களை ‘எலெக்டர்’ என்பர். தமிழில் ‘தேர்வுக் கோமகன்’ எனலாம். அவ்வெழுவருள் சாக்சனிக் கோமகனும் ஒருவர். தேர்வுரிமை பெற்ற நிலம் பங்கிடப்படலாகாது என்பதும் அவ்வாணையின் விதி. வெட்டின் குலத்தின் பிற நிலங்கட்கு அவ்விதி பொருந்தாது என்பதே பின்னர் நேர்ந்தவற்றிற்கெல்லாம் அடிப்படை.

கடத்தப்பட்ட சிறுவர்கள்

ஜெர்மானிய மரபில் நிலமும் சொத்தைப் போன்றதே. தந்தைக்குப்பின் மைந்தர் அனைவரும் உரிமையுடையர். சேர்ந்து ஆளலாம், ஒவ்வாதபோது பிரித்துக்கொள்ளலாம். வெட்டின் குலத்தார் 1382-இல் பிரித்தனர். 1445-இல் மீண்டும் பிரித்தனர். சாந்தகுணப் பிரெடரிக்கும் அவர் தம்பி வில்ஹெல்மும் பங்கில் மனம் ஒவ்வாது 1446 முதல் 1451 வரை போரிட்டனர். ‘உடன்பிறந்தார் போர்’ என்றே வரலாறு அதனைக் குறிக்கும். பங்காளிக் காய்ச்சல் எந்நாட்டினர்க்கும் பொது எனத் தோன்றுகிறது.

அப்போரில் பிரெடரிக்கின் பக்கம் நின்று போரிட்டுச் சிறைப்பட்டு, சொந்தப் பணத்தைக் கொடுத்து மீண்டவர் குன்ஸ் என்னும் வீரர். தாம் இழந்த பொருளைக் கோமகன் ஈடு செய்யவில்லை என்று அவர் சினங்கொண்டார். 1455 ஜூலை 7-ஆம் நாள் இரவு, அல்டன்பர்க் கோட்டையில் கயிற்றேணி வைத்து ஏறி, உறங்கிக் கொண்டிருந்த இளவரசர் இருவரைத் தூக்கிச் சென்றார். மூத்தவர் எர்ன்ஸ்ட், வயது பதினான்கு; இளையவர் அல்பிரெக்ட், வயது பதினொன்று. அடுத்த சில நாட்களில் இருவரும் மீட்கப்பட்டனர். காட்டில் கரி சுடும் தொழிலாளி ஒருவரே இளையவரைக் காத்தார் என்று மக்கள் வழக்கில் கூறுவர். குன்ஸ் ஒரு வாரத்திற்குள் பிரைபெர்க் நகரில் தலை வெட்டப்பட்டார்.

ஒரே இரவில் கடத்தப்பட்டு, ஒரே அச்சத்தைப் பகிர்ந்துகொண்ட அவ்விரு சிறுவர்களே குலத்தின் இரு பெருங்கிளைகட்கும் தலைவராயினர். எர்ன்ஸ்ட்டின் வழியினர் எர்னஸ்டியர். அல்பிரெக்ட்டின் வழியினர் ஆல்பர்ட்டியர்.

1485: லைப்சிக் பிரிவினை

1464-இல் தந்தை இறந்தபின் உடன்பிறந்தார் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே ஆண்டனர். மைசென் குன்றின்மேல் 1471-இல் தொடங்கிய புதிய மாளிகை, இருவரும் ஒருங்கே வாழ்வதற்கென எழுப்பப்பட்டதே. 1482-இல் சிற்றப்பன் வில்ஹெல்ம் மைந்தனின்றி இறக்கவே, தூரிங்கியா நாடும் அவர்கள் கைக்கு வந்தது. நாடு பெரிதாயிற்று; ஒற்றுமை சிறிதாயிற்று.

1485-இல் லைப்சிக் நகரில் பிரிவினை எழுதப்பட்டது. மூத்தவர் பங்கு வகுக்க, இளையவர் விரும்பிய பங்கை எடுத்துக்கொள்வது அந்நாட்டு வழக்கம். எர்ன்ஸ்ட் நாட்டை இரு கூறாக வகுத்தார். வளம் மிக்க மைசென் பகுதி தமக்கே வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அதனை எடுத்துக்கொள்பவர் மற்றவர்க்கு ஈட்டுத் தொகை தரவேண்டும் என்னும் நிபந்தனையும் இருந்தது. அல்பிரெக்ட் தயங்கவில்லை, ஈட்டுத் தொகைக்கு இசைந்து, டிரெஸ்டனும் லைப்சிக்கும் அடங்கிய அக்கூற்றையே எடுத்துக்கொண்டார். வைமார், கோத்தா, ஐசனாக், கோபர்க் முதலிய ஊர்கள் எர்ன்ஸ்ட்டின் பங்காயின. பிரிக்கவொண்ணாத விட்டன்பர்க் நிலமும் தேர்வுரிமையும் மூத்தவர் என்ற முறையில் எர்ன்ஸ்ட்டுக்கே சென்றன. வெள்ளிச் சுரங்கங்கள் மட்டும் இருவர்க்கும் பொதுவில் விடப்பட்டன.

எர்ன்ஸ்ட் மறு ஆண்டே இறந்தார். அல்பிரெக்ட் 1500 வரை வாழ்ந்தார். அவர் இறப்பதற்கு முன், 1499-இல், தம் மைந்தர்கட்கு ஓர் ஒழுங்குமுறை எழுதி வைத்தார். தம் பங்கு இனியும் துண்டாடப்படாது காக்கவேண்டும் என்பதே அதன் சாரம். எர்னஸ்டியர் அத்தகைய விதி எதனையும் வகுத்துக்கொள்ளவில்லை. தந்தை வழி மரபையே போற்றினர். இரு கிளைகளின் தலையெழுத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கியிருந்தது.

ஒரு குலம், இரு சமயம்

பிரிவினையால் தம் பெரிய பல்கலைக்கழகத்தை எர்னஸ்டியர் இழந்தனர். 1409-இல், பிராகு நகரிலிருந்து வெளியேறிய ஆசிரியர்களையும் மாணவர்களையும் கொண்டு வெட்டின் கோமான்கள் நிறுவிய லைப்சிக் பல்கலைக்கழகம் ஆல்பர்ட்டியர் பங்கில் சேர்ந்திருந்தது. ஆகவே, எர்ன்ஸ்ட்டின் மைந்தர் அறிவாளர் பிரெடரிக், 1502-இல் விட்டன்பர்க் என்னும் சிற்றூரில் புதிதாய் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். அங்கு ஆசிரியராய் வந்து சேர்ந்த துறவி ஒருவர் 1517-இல் சமயத் தலைமையை வினவி எழுதிய தொண்ணூற்றைந்து கருத்துரைகள் ஐரோப்பாவையே உலுக்கின. அவர் மார்ட்டின் லூதர்.

பிரெடரிக் பழைய சமய வழக்கங்களில் பற்றுடையவர். புனிதர்களின் எச்சப் பொருள்களைத் திரட்டிப் பேணியவர். எனினும் தம் பல்கலைக்கழகத்தின் ஆசிரியரை விசாரணைக்கு ரோமாபுரிக்கு அனுப்ப அவர் இசையவில்லை. ஜெர்மானிய மண்ணிலேயே விசாரிக்கவேண்டும் என்றார். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவராதலின் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. 1521-இல் வோர்ம்ஸ் பேரவை லூதரைச் சட்டத்திற்குப் புறம்பானவர் என அறிவித்தபோது, பிரெடரிக்கின் ஆட்கள் அவரை வழியில் மறித்து, ஐசனாக் நகருக்கு மேலுள்ள வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தனர். அங்கே சில வாரங்களில் அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1522 செப்டம்பரில் அந்நூல் அச்சேறியது. ஊருக்கு ஒரு வழக்கு இருந்த நாட்டில், சாக்சனி அரசு அலுவலகங்கள் எழுத்தில் கையாண்ட நடையை அடிப்படையாகக் கொண்டு, மக்கள் பேச்சின் உயிரோட்டத்தையும் சேர்த்து அவர் எழுதியமையால், பிற்காலப் பொதுவான எழுத்து ஜெர்மன் மொழி உருவாவதற்கு அது பெருந்துணையாயிற்று. மொழியாசிரியர் மனங்கொள்ளத்தக்க செய்தி இது.

ஆனால், சில மைல் தொலைவில் இருந்த ஆல்பர்ட்டிய நாட்டிலோ நிலைமை வேறு. அல்பிரெக்ட்டின் மைந்தர் கியார்க் கோமகன் லூதரைக் கடுமையாய் எதிர்த்தார். அதே 1522-இல் அந்நூலைத் தம் நாட்டில் தடை செய்தார். ஒரே பாட்டனின் பேரர் இருவர். ஒருவர் நாட்டில் காக்கப்பட்ட நூல் மற்றவர் நாட்டில் குற்றம். 1539-இல் கியார்க் இறந்த பின்னரே ஆல்பர்ட்டிய நாடும் புதிய சமயத்தைத் தழுவியது.

சமயம் ஒன்றாகிவிட்டதால் பகை தீர்ந்துவிடவில்லை. 1541-இல் ஆல்பர்ட்டியக் கோமகனான மோரிட்ஸ், சீர்திருத்தச் சமயத்தவராயிருந்தும், கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸின் பக்கம் சேர்ந்தார். அவர் கண் தேர்வுரிமையின் மேல் இருந்தது. 1547 ஏப்ரல் 24-இல் எல்பா கரையில் மூல்பெர்க் என்னுமிடத்தில் நடந்த போரில் எர்னஸ்டியத் தேர்வுக் கோமகன் ஜான் பிரெடரிக் காயமுற்றுப் பிடிபட்டார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. விட்டன்பர்க்கையும் தேர்வுரிமையையும் விட்டுக்கொடுத்த பின்னரே உயிர் மிஞ்சியது. அவை மோரிட்ஸின் கைக்கு மாறின. மக்கள் அவரை ‘மைசென் நகரத்து யூதாஸ்’ என்று தூற்றினர்.

அத்தூற்றுரை முழு உண்மையன்று. பேரரசர் தம் மாமனாரைச் சிறையில் வைத்திருப்பதையும், சமய உரிமை நெருக்கப்படுவதையும் கண்ட மோரிட்ஸ், 1552-இல் அதே பேரரசர்மேல் படையெடுத்து அவரை ஓடச் செய்தார். அதனால் விளைந்த பாசௌ உடன்படிக்கையே சீர்திருத்தச் சமயத்தவர்க்குச் சட்டப்படி நிலைபேறு கிடைக்க வழி வகுத்தது. மறு ஆண்டே மோரிட்ஸ் போர்க்களத்தில் பட்ட காயத்தால் இறந்தார். மடங்களின் சொத்தைக் கொண்டு அவர் மைசென், போர்ட்டா, கிரிம்மா ஆகிய மூன்றிடங்களில் நிறுவிய உறைவிடப் பள்ளிகள் அவர் பெயரை நிலைநிறுத்தின. நாடக ஆசிரியர் லெஸ்ஸிங் மைசென் பள்ளியிலும், மெய்யியலாளர்களான பிக்டே, நீட்சே ஆகியோர் போர்ட்டா பள்ளியிலும் பயின்றவர்கள்.

இழந்தவர் பெற்ற செல்வம்

ஜான் பிரெடரிக் சிறையில் இருந்தபடியே ஒன்று செய்தார். விட்டன்பர்க் பல்கலைக்கழகம் பகைவர் கைக்குப் போய்விட்டது. அங்கிருந்த நூலகத்தின் நூல்கள் மட்டும் குலத்தின் உடைமையாய் மீட்கப்பட்டன. அந்நூல்களை வைத்துக்கொண்டு எனா நகரில் 1548-இல் ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அவர் இறந்தபின், 1558-இல், அது பல்கலைக்கழகமாயிற்று. நிலம் போனபோது நூல்களைக் காத்தமை எர்னஸ்டியரின் வருங்காலத்தைக் காட்டிய குறியாயிற்று.

எஞ்சிய நிலத்தையோ அவர்கள் ஓயாது பிரித்தனர். 1572-இல் ஒரு பிரிவினை. அதன்பின் மேலும் மேலும். கோத்தாவில் ஆண்ட பக்திமான் எர்ன்ஸ்ட் 1675-இல் ஏழு மைந்தரை விட்டு இறந்தார். 1680-இல் ஏழு மைந்தரும் ஏழு சிற்றரசுகள் கண்டனர்! கோத்தா, கோபர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பர்க், ஹில்ட்பர்க்ஹௌசன், சால்பெல்ட் என்பன அவை. அவற்றுள் மூன்று அந்த ஒரு தலைமுறையோடே வாரிசின்றி அழிந்தன. அழிந்தவற்றின் நிலத்திற்காக எஞ்சியவர்கள் பல ஆண்டுகள் வழக்காடினர். ஒவ்வோர் ஊரிலும் ஓர் அரண்மனை, ஓர் அமைச்சர், ஒரு சிறு படை. செலவு முழுவதும் குடியானவர் தலையில். கோபர்க் அரசு கடனில் மூழ்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் பேரரசு அமர்த்திய குழுவொன்று அதன் வரவுசெலவை மேற்பார்வையிடும் நிலைக்கு வந்தது.

எனினும், இக்கதைக்கு மறுபக்கம் உண்டு. பெரிய படை வைத்துப் பெயர் பெற இயலாத சிற்றரசர், கல்வியாலும் கலையாலும் பெயர் தேடினர். வைமார் அரசில் 1619-இல் வெளியான பள்ளி ஒழுங்குமுறை, சிறுவர் சிறுமியர் அனைவரும் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்று விதித்தது. பக்திமான் எர்ன்ஸ்ட் கோத்தாவில், முப்பதாண்டுப் போரின் பேரழிவு ஓயுமுன்னரே, 1642-இல் அந்திரேயாஸ் ரைஹர் என்னும் தலைமையாசிரியரைக் கொண்டு ‘பள்ளி முறை’ என்னும் கையேட்டை எழுதுவித்தார். எவ்வயதில் பள்ளியிற் சேர்ப்பது, எவ்வகுப்பில் எதனைக் கற்பிப்பது என்றெல்லாம் அது வகுத்தது. கட்டாயக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு சிற்றரசுகளையும் விட்டு எழுதவொண்ணாது.

இசைமேதை பாக் 1685-இல் எர்னஸ்டியர் ஊராகிய ஐசனாக்கில் பிறந்தார். வைமார் அவையில் பணியாற்றினார். பணியை விட்டு விலக வற்புறுத்தியதற்காக 1717-இல் வைமார்க் கோமகன் அவரை ஏறக்குறைய ஒரு மாதம் சிறையிலிட்டதும் உண்டு. சிற்றரசர் கலைஞரைப் போற்றினர். தம் உடைமை என்றும் கருதினர்! பின்னர் 1723 முதல் இறுதிவரை பாக் ஆல்பர்ட்டியர் நகராகிய லைப்சிக்கில் வாழ்ந்தார்.

வைமார் அரசு 1724-இல் மூத்தவர்க்கே ஆட்சி என்னும் விதியை ஏற்றது. கணவரை இழந்த அன்னா அமாலியா 1759 முதல் 1775 வரை தம் இளமைந்தர் சார்பில் ஆண்டார், நூலகத்தை வளர்த்தார், மைந்தருக்குக் கற்பிக்கப் புலவர் வீலண்டை வரவழைத்தார். அம்மைந்தர் கார்ல் ஆகஸ்ட் 1775-இல் இளங்கவிஞர் கேத்தேயை அழைத்தார். கேத்தே அங்கேயே அமைச்சராய் இருந்து 1832-இல் இறந்தார். எர்டரும் சில்லரும் அங்கு வந்து சேர்ந்தனர். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர் ஜெர்மானிய இலக்கியத்தின் தலைநகராயிற்று. 2004-இல் அன்னா அமாலியா நூலகம் தீப்பற்றி ஏறத்தாழ ஐம்பதாயிரம் நூல்கள் அழிந்தபோது நாடே வருந்தியது. சீர்செய்யப்பட்டு 2007-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

வென்றவர் இழந்த நிலம்

ஆல்பர்ட்டியர் பிரிவினையைப் பெரிதும் தவிர்த்தனர். ஒருமுறை தவறி மூன்று இளைய கிளைகளுக்கு நிலம் பகிர்ந்தபோதும், 1746-க்குள் அம்மூன்றும் அற்றுப்போய் நிலம் திரும்பியது. அவ்வலிமையே அவர்கட்குப் பேராசையையும் தந்தது. பலவான் அகஸ்டஸ் 1697-இல் போலந்து நாட்டு மணிமுடிக்காகக் கத்தோலிக்க சமயத்திற்கு மாறினார். லூதரைக் காத்த குலத்தின் தலைவர் லூதரின் சமயத்தை விட்டார். குடிமக்களோ பழைய சமயத்திலேயே நின்றனர். டிரெஸ்டன் நகரை அவர் மாளிகைகளால் அழகுபடுத்தினார். பொன் செய்வதாகக் கூறியமையால் காவலில் வைக்கப்பட்ட பாட்கர் என்பவர், அறிஞர் சிர்ன்ஹௌஸின் துணையோடு 1708-இல் பொன்னுக்கு மாறாகப் பீங்கானின் இரகசியத்தைக் கண்டறிந்தார். சீனர் மட்டுமே அறிந்திருந்த உண்மைப் பீங்கான், 1710 முதல் மைசென் மாளிகையில் செய்யப்பட்டது. உடன்பிறந்தார் இருவர் ஒருங்கே வாழ எழுப்பப்பட்ட மாளிகை, அவர்கள் பிரிந்தபின் பீங்கான் தொழிற்சாலையாயிற்று!

போலந்து முடி பெருஞ்செலவையும் போர்களையும் கொணர்ந்தது. நெப்போலியன் காலத்தில், 1806-இல், சாக்சனி தனி முடியரசாயிற்று. ஆனால் நெப்போலியனை விட்டு நீங்காதிருந்தமையால், 1813-இல் லைப்சிக் போரில் சாக்சனி மன்னர் சிறைப்பட்டார். 1815-இல் வியன்னா மாநாடு சாக்சனியின் நிலத்தில் பாதிக்கும் மேற்பட்டதைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தது. 1547-இல் தம் உறவினரிடமிருந்து பறித்த விட்டன்பர்க்கும் அதில் அடங்கும்.

கோபர்க்: மணவினையால் வென்ற சிற்றூர்

இதே காலத்தில் எர்னஸ்டியரின் கடன்பட்ட கிளையாகிய கோபர்க் வியத்தகு உயர்வு பெற்றது. 1806-இல் இறந்த பிரான்ஸ் கோமகனின் மக்கள் ஐரோப்பிய அரண்மனைகளில் மணம் செய்துகொண்டனர். இளைய மைந்தர் லியோபால்ட் 1831-இல் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார். மற்றொரு மைந்தர் பெர்டினண்டின் வழியில் போர்த்துகல் அரசரும், 1887-இல் பல்கேரிய ஆட்சியாளரும் தோன்றினர். மகள் விக்டோரியா கென்ட் கோமகனை மணந்து, பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவின் அன்னையானார். மூத்த மைந்தரின் புதல்வர் ஆல்பர்ட் 1840-இல் விக்டோரியா அரசியை மணந்தார். 1826-இல் நடந்த மறுபங்கீட்டில் கோபர்க்கும் கோத்தாவும் இணைந்தமையால் இக்கிளை ‘சாக்ஸ்-கோபர்க்-கோத்தா’ எனப்பட்டது. சிறிய நாட்டவர் என்பதே இவர்கட்கு வாய்ப்பாயிற்று. இவர்கள் அரியணை ஏறினால் எந்த வல்லரசும் அஞ்சவேண்டியதில்லை.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கட்கும் இக்குலம் முற்றிலும் அயலன்று. பினாங்கின் ஜார்ஜ் டவுன் எந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்குகிறதோ, அவர் அன்னை அகஸ்டா கோத்தாக் கோமகனின் மகள். சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் தந்த ஏழாம் எட்வர்டு மன்னர், தந்தை வழியில் வெட்டின் குலத்தவர். 1901-இல் அவரோடுதான் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்னும் பெயர் பிரிட்டிஷ் அரியணை ஏறியது. முதல் உலகப் போரில், 1917-இல், ‘கோத்தா’ எனப் பெயரிய ஜெர்மானிய வானூர்திகள் இலண்டன்மேல் குண்டு வீசின. அதே ஆண்டு ஜூலை 17-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் குலப்பெயரை விண்சர் என மாற்றினார்.

தமிழுக்கும் இந்நாட்டோடு தொடர்புண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்க், 1682-இல் ஆல்பர்ட்டியர் ஆண்ட சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் 1856-இல் வெளியிட்ட கார்ல் கிரௌல், 1836-இல் டிரெஸ்டனில் தோன்றி 1848-இல் லைப்சிக்கிற்கு மாறிய லூதரன் சமயச் சங்கத்தின் தலைவராய் இருந்தவர். மூலநூலைக் கற்றுப் பெயர்க்கும் விட்டன்பர்க் மரபின் பயன் இவ்வாறு தமிழையும் எட்டியது.

முடிவு

1918 நவம்பரில் ஜெர்மானிய முடியரசுகள் எல்லாம் சரிந்தபோது, சாக்சனி, வைமார், மைனிங்கன், அல்டன்பர்க், கோபர்க்-கோத்தா என ஐந்து அரியணைகளில் வெட்டின் குலத்தவர் அமர்ந்திருந்தனர். சில நாட்களுக்குள் ஐவரும் இறங்கினர். கோபர்க் மக்கள் 1919-இல் வாக்களித்துப் பவேரியாவுடன் இணைந்தனர். ஏனைய எர்னஸ்டிய அரசுகள் 1920-இல் தூரிங்கியா மாநிலத்தில் கலந்தன. யார் எப்பங்கை எடுப்பது என்று ஐந்நூறு ஆண்டுகள் வழக்காடப்பட்ட நிலத்தைப் பற்றி, முதன்முறையாக அந்நிலத்து மக்களே முடிவு செய்தனர்.

குலப் பெருமையைப் போற்றுவோர் மறக்கலாகாத செய்திகளும் உண்டு. பெல்ஜியக் கிளையின் இரண்டாம் லியோபால்ட் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தம் சொந்த உடைமையாய் வைத்து நடத்திய கொடுமை உலகறிந்தது. இறுதிக் கோபர்க் கோமகன் கார்ல் எடுவர்ட், விக்டோரியா அரசியின் பேரராய் இருந்தும், ஹிட்லரின் கட்சியில் சேர்ந்து உழைத்தார். குலம் எவருக்கும் நன்னெறியை உறுதி செய்வதில்லை.

ஆல்பர்ட்டியர் நிலத்தைக் காக்க விதி செய்தனர். எர்னஸ்டியர் மைந்தர் அனைவர்க்கும் பங்கிட்டனர். நாட்டைப் பொறுத்தவரை முதல்வர் செய்ததே அறிவுடைமை. குடியானவனுக்கு ஏழு அரண்மனைகளைத் தாங்குவதைவிட ஒன்றைத் தாங்குவது எளிது. எனினும், முந்நூறு ஆண்டுகட்கு மேல் போராடிக் காத்த நிலத்தில் பெரும்பகுதி ஒரு மாநாட்டில் போயிற்று. சிதறியவர்கள் நட்ட பள்ளிகளும் நூலகங்களும் இன்றும் நிற்கின்றன. டிரெஸ்டன் மதிலில் ஊர்வலம் செல்லும் கோமான்களுள் பலருடைய பெயர் மக்கள் நினைவில் இல்லை. விட்டன்பர்க், எனா, வைமார், லைப்சிக் என்னும் பெயர்களோ கற்றோர் உள்ளவரை மறையா. பங்கிட்டால் நிலம் குறையும். பங்கிட்டும் குறையாத செல்வம் கல்வி ஒன்றே என்பதற்கு வெட்டின் குலத்தின் வரலாறு சான்றாய் நிற்கிறது.